கார்டு காணவில்லை, அறிவிப்பு வரவில்லை: பணிக் கண்காணிப்பு மென்பொருளில் புதுவசதி வந்தபின் எழும் கோளாறுகளை நீக்கும் வழிமுறை

மண்ணடி, ராஜாஜி சாலைப் பகுதியில் இயங்கும் சரக்கு அனுமதி அலுவலகங்கள், மணலியில் இரும்புக் கட்டுமான வேலை எடுத்துச் செய்யும் பட்டறைகள், மாதவரம் பக்கத்துக் கிடங்குகள் எனப் பல இடங்களில் இப்போது வாட்ஸ்அப் குழுவும் எக்செல் தாளும் செய்துவந்த வேலையை ஜிரா, ட்ரெல்லோ, ரெட்மைன், மைக்ரோசாஃப்ட் பிளானர் போன்ற மென்பொருள்கள் செய்கின்றன. இவற்றில் இணையவழி இயங்குபவை பயன்படுத்துவோரைக் கேட்டுக்கொண்டு புதுப்பிக்கப்படுவதில்லை. ஒரு திங்கட்கிழமை காலையில் பட்டியல் வேறு இடத்தில் இருக்கும், பொத்தானின் பெயர் மாறியிருக்கும், புதிய தானியங்கி விதி ஒன்று தன்பாட்டில் ஓடிக்கொண்டிருக்கும். அலுவலகத்தில் இருப்பவர்களோ, கன்டெய்னர் யார்டில் நிற்பவர்களோ அதை ‘சாஃப்ட்வேர் கெட்டுவிட்டது’ என்றுதான் சொல்வார்கள். அவர்கள் சொல்லும் அந்தப் புகாரிலிருந்தே தொடங்கிக் காரணத்தைத் தேடிப்போகும் வகையில் இந்த வழிமுறை அமைந்துள்ளது.

எந்தப் புகாராக இருந்தாலும் முதல் வேலை ஒன்றே: அமைப்புகள் பக்கத்தைத் திறக்காமல், பாதிக்கப்பட்ட ஒரே ஒரு டிக்கெட்டை (ஒரு வேலைக்கான பதிவை) திறந்து, அதன் வரலாறு என்னும் பகுதியைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள். எந்தப் புலம் (விவரம் நிரப்பும் கட்டம்) மாறியது, எதிலிருந்து எதுவாக மாறியது, எத்தனை மணிக்கு மாறியது, மாற்றியது மனிதரா தானியங்கி விதியா என்ற நான்கும் அங்கே பதிவாகியிருக்கும். அதைப் படிக்காமல் பொது அமைப்பில் கைவைத்தால், ஒருவரின் சிக்கல் அனைவரின் சிக்கலாகிவிடும்; எந்த மாற்றத்தால் எது நேர்ந்தது என்று பிரித்தறிவதும் இயலாமல் போகும்.

அடுத்து, அதே டிக்கெட்டைப் புகார் சொன்னவரின் கணக்கிலும், நிர்வாகியின் கணக்கிலும், புகார் சொன்னவரின் கைபேசியிலும் திறந்து பாருங்கள். நிர்வாகிக்குத் தெரிந்து அவருக்குத் தெரியாவிட்டால் அது அனுமதி சார்ந்தது. கணினியில் சரியாக இருந்து கைபேசியில் மட்டும் தவறினால் கைபேசியைப் பாருங்கள். எல்லாரிடமும் ஒரேபோலத் தவறினால் மட்டுமே திட்டத்தின் பொது அமைப்பைச் சந்தேகிக்கலாம்.

அறிவிப்பே வரவில்லை

மிக அதிகமாக வரும் புகார் இதுதான். இதற்குக் காரணங்களும் பல. முதலில் கேட்க வேண்டியது, அறிவிப்பு எந்த வழியில் வரவில்லை என்பதை. கைபேசியிலா, மின்னஞ்சலிலா, அல்லது டீம்ஸ், ஸ்லாக் போன்ற உரையாடல் செயலிக்குள்ளா? மூன்றும் தனித்தனிப் பாதைகள்.

கைபேசியில் மட்டும் வரவில்லை என்றால், ஆண்ட்ராய்டு 13 வெளிவந்த 2022ஆம் ஆண்டிலிருந்து, புதிதாக நிறுவப்படும் செயலி அறிவிப்பு காட்டுவதற்குப் பயனரிடம் வெளிப்படையாக அனுமதி கேட்க வேண்டும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். புதுக் கைபேசி வாங்கிச் செயலியை நிறுவும் அவசரத்தில் ‘அனுமதிக்காதே’ என்பதை அழுத்தியவருக்கு, அதன்பின் எந்த அமைப்பை மாற்றினாலும் மணி ஒலிக்காது. அடுத்து பேட்டரி சேமிப்பு. சில நிறுவனங்களின் கைபேசிகள், சிறிது நேரம் திறக்காத செயலியைப் பின்னணியில் உறங்க வைத்துவிடுகின்றன. அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்குவது போதும். ஸ்லாக் போன்றவற்றில் இன்னொரு காரணமும் உண்டு: கணினியில் செயலி திறந்திருந்து நீங்கள் அதில் வேலை செய்வதாக அது கருதினால், கைபேசிக்கு அறிவிப்பை அனுப்பாமல் தாமதிக்கும். மேசைக் கணினியைத் திறந்துவைத்துவிட்டு யார்டுக்குச் செல்பவர், கைபேசி அறிவிப்பை உடனே பெறும் வகையில் அந்த இடைவெளியை மாற்றிக்கொள்ள வேண்டும்.

பெயரைக் குறிப்பிட்டு அழைத்தும் அறிவிப்பு போகவில்லை என்றால், அழைக்கப்பட்டவருக்கு அந்த டிக்கெட்டைப் பார்க்கும் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். பார்க்க இயலாதவருக்கு ஜிரா அறிவிப்பு அனுப்பாது. கருத்து எழுதியவருக்கு எந்தத் தடையும் தெரியாது. பெயர் அழகாக நீல நிறத்தில் நிற்கும். மறுமுனையில் ஒன்றும் நடக்காது. மேலும், தானே செய்த மாற்றத்துக்குத் தனக்கே அறிவிப்பு வராமல் இருக்கும்படி வைத்துக்கொள்ளும் வசதி ஜிராவிலும் ரெட்மைனிலும் உண்டு. எனவே சோதிக்கும்போது உங்கள் டிக்கெட்டை நீங்களே மாற்றிவிட்டு மின்னஞ்சலுக்காகக் காத்திருப்பது பயன் தராது. இன்னொருவரை மாற்றச் சொல்லுங்கள்.

டீம்ஸ் சேனலில் தானாக வந்துகொண்டிருந்த பதிவுகள் நின்றுபோன புகார் தனி வகை. ஆஃபீஸ் 365 கனெக்டர் எனப்படும் பழைய இணைப்பு முறையைக் கைவிடப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2024இல் அறிவித்தது. கெடு பின்னர் நீட்டிக்கப்பட்டாலும் மாற்றுவழியாக வொர்க்ஃப்ளோஸ் என்பதற்கே அது எல்லாரையும் நகர்த்துகிறது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வொர்க்ஃப்ளோ சேனலுக்குச் சொந்தமானதாக இல்லாமல், அதை உருவாக்கிய மனிதரின் கணக்கோடு கட்டப்பட்டிருக்கும். அவர் வேலையை விட்டுச் சென்று, கணக்கு மூடப்பட்டால், சில நாள்களிலோ வாரங்களிலோ பதிவுகள் சத்தமின்றி நின்றுவிடக்கூடும். அலுவலகத்தில் நிலைத்திருக்கும் இன்னொருவரை இணை உரிமையாளராகச் சேர்த்துவைப்பதே இதற்குத் தீர்வு.

நிறுவனத்தின் சொந்தக் கணினியில் ரெட்மைன் ஓட்டுபவர்கள், கெடு நெருங்குவதை நினைவூட்டும் மின்னஞ்சல் தானாக வராது என்பதை அறிந்திருக்க வேண்டும். அதற்குரிய கட்டளையை நாள்தோறும் ஓட்டும்படி சர்வரில் நேர அட்டவணை அமைத்தால்தான் வரும். சர்வரைப் புதிய கணினிக்கு மாற்றும்போது தரவுத்தளத்தை நினைவாகக் கொண்டுசெல்பவர்கள், இந்த அட்டவணையைப் பழைய கணினியிலேயே விட்டுவிடுவது வழக்கமாக நடக்கிறது.

அறிவிப்பு மழையாகப் பொழிகிறது

ஜிராவில் நீங்கள் உருவாக்கிய அல்லது கருத்து எழுதிய டிக்கெட்டுக்கு இயல்பாகவே நீங்கள் கண்காணிப்பாளர் ஆகிவிடுவீர்கள். தனிப்பட்ட அமைப்பில் அதை நிறுத்தலாம். நூற்றுக்கணக்கான டிக்கெட்டுகளை ஒரே வீச்சில் மாற்றும்போது, மின்னஞ்சல் அனுப்பவா என்று கேட்கும் சிறு கட்டத்தின் குறியை எடுத்துவிடுங்கள். ஒரே செய்தி இரண்டு முறை வந்தால், மென்பொருளின் இயல்பான அறிவிப்பும், யாரோ எழுதிய தானியங்கி விதியும் ஒரே நிகழ்வுக்குத் தனித்தனியே ஓடுகின்றன என்று பொருள், விதியை நிறுத்துங்கள்.

நேற்றுவரை போர்டில் இருந்த கார்டு இன்று இல்லை

போர்டு என்பது வேலைகளை நிலைவாரியாக நெடுவரிசைகளில் காட்டும் திரை; அதில் ஒரு டிக்கெட் தோன்றும் வடிவமே கார்டு. கார்டு அழிக்கப்படுவது மிக அரிது. டிக்கெட் எண்ணைத் தேடல் பெட்டியில் இட்டுப் பாருங்கள், பெரும்பாலும் கிடைத்துவிடும். கிடைத்துவிட்டால், டிக்கெட் நலமாக இருக்கிறது, போர்டு அதைக் காட்ட மறுக்கிறது என்பது உறுதியாகிவிடுகிறது.

போர்டு காட்டாமல் போவதற்கு முதற்காரணம், புதிதாகச் சேர்த்த நிலை ஒன்று எந்த நெடுவரிசையிலும் பொருத்தப்படாமல் இருப்பது. ‘சுங்க ஆய்வு’, ‘டியூட்டி செலுத்தியது’ என்ற நிலைகளுக்கு நடுவே ‘மாதிரி எடுத்தது’ என்று ஒரு நிலையை நிர்வாகி சேர்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பணிப்போக்கில் (வேலை கடக்கும் நிலைகளின் வரிசையில்) சேர்த்தவர், போர்டின் நெடுவரிசை அமைப்பில் அதை இழுத்துப் பொருத்த மறந்தால், அந்த நிலைக்குப் போகும் ஒவ்வொரு கார்டும் ஜிரா போர்டிலிருந்து மறைந்துவிடும். அடுத்த நிலைக்குப் போனவுடன் மீண்டும் தோன்றும். இடையில் மறைந்து பிறகு தானாகவே திரும்பி வருகிறது என்று யாராவது சொன்னால், இதைத் தவிர வேறெதையும் தேட வேண்டியதில்லை.

இரண்டாவது காரணம் முடிந்த வேலைகளைப் பற்றியது. கான்பான் போர்டில் (வேலை இடைவிடாமல் நெடுவரிசைகளில் நகரும் வகை) முடிந்த கார்டுகள் இரண்டு வாரங்களுக்குப் பின் காட்டப்படாமல் மறைவது ஜிராவின் இயல்பான அமைப்பு. வாடிக்கையாளரின் பழைய கன்டெய்னருக்கான செலவுக் கணக்கை மாத இறுதியில் தேடும் கணக்காளர்தான் இதை முதலில் கவனிப்பார். மறைக்கும் காலத்தை நீட்டிக்க இயலும் என்றாலும், நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. போர்டு கனத்து மெதுவாகிவிடும். கணக்காளருக்கென ஒரு சேமித்த வடிகட்டியை (தேடல் நிபந்தனையை) அமைத்துக் கொடுப்பதே நல்லது.

மூன்றாவதாக, கான்பான் போர்டில் பேக்லாக் (இன்னும் தொடங்காத வேலைகளின் பட்டியல்) வசதியைப் புதிதாக இயக்கினால், தொடக்க நிலையில் இருந்த கார்டுகள் போர்டைவிட்டுத் தனிப்பக்கத்துக்குப் போய்விடும். இது பிழையன்று, அந்த வசதியின் நோக்கமே அதுதான்.

நிலையை மாற்றும் பொத்தான் இல்லை, அல்லது அழுத்தினால் பிழை காட்டுகிறது

இவை இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஜிராவில் பொத்தானே தெரியவில்லை என்றால், அந்த மாற்றத்துக்கு நிபந்தனை ஒன்று விதிக்கப்பட்டு, இந்தப் பயனர் அதை நிறைவு செய்யவில்லை என்பதே பெரும்பாலும் பொருள். பொத்தான் தெரிந்து, அழுத்தியபின் பிழை வந்தால், உள்ளிட்ட தகவலைச் சரிபார்க்கும் விதி தடுக்கிறது என்று பொருள். பின்னதில் ஒரு கொடிய வகை உண்டு: கட்டாயம் நிரப்ப வேண்டியது என்று குறிக்கப்பட்ட புலம், திரையிலேயே சேர்க்கப்படாமல் இருப்பது. பயனர் நிரப்ப விரும்பினாலும் நிரப்ப இடமில்லை. பிழைச்செய்தியில் உள்ள புலத்தின் பெயரை எழுத்துக்கு எழுத்து குறித்துக்கொண்டு, அந்தத் திரையின் புலப்பட்டியலில் அது இருக்கிறதா என்று நிர்வாகி பார்க்க வேண்டும்.

ரெட்மைனில் நிலைமாற்றங்கள் ஒவ்வொரு டிராக்கருக்கும் (வேலையின் வகைக்கும்) ஒவ்வொரு பொறுப்புக்கும் தனித்தனியே வகுக்கப்படுகின்றன. புதிய டிராக்கரை உருவாக்கும்போது ஏற்கெனவே உள்ள ஒன்றின் பணிப்போக்கை நகலெடுக்காவிட்டால், நிலைப்பட்டியலில் தற்போதைய நிலை ஒன்று மட்டுமே நிற்கும். நிர்வாகி நகலெடுத்துவிட்டால் உடனே சரியாகிவிடும்.

தேதி ஒருநாள் பின்னால் விழுகிறது, அல்லது மாதமும் நாளும் இடம் மாறிவிட்டன

துறைமுக வேலை செய்யும் அலுவலகங்களுக்கு இதைவிடப் பெரிய சிக்கல் வேறில்லை. சுங்கச் சட்டத்தின் 46ஆம் பிரிவு 2021இல் திருத்தப்பட்டபின், பில் ஆஃப் என்ட்ரியை (இறக்குமதிச் சரக்குக்கான சுங்க அறிவிப்பை) பொதுவிதியாகக் கப்பல் வந்துசேரும் நாளுக்கு முந்தைய நாள் முடிவதற்குள் தாக்கல் செய்ய வேண்டும். விடுமுறை நாளும் கணக்கில் சேரும். தாமதத்துக்குக் கட்டணம் உண்டு. இந்த நிலையில் போர்டு காட்டும் தேதி ஒருநாள் பிசகினால், பிசகு திரையோடு நிற்காமல் வாடிக்கையாளரின் பணத்தில் போய் முடியும்.

ஒருநாள் பிசகுக்குக் காரணம் பெரும்பாலும் நேர மண்டலம். இணையவழி மென்பொருள்கள் உள்ளுக்குள் உலகப் பொது நேரத்தையே வைத்துக்கொள்கின்றன. இந்திய நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முந்தியது. எனவே இங்கே அதிகாலை 5:30 ஆகும்வரை அங்கே முந்தைய நாள்தான் நடக்கிறது. எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் இரவுப்பணியில் இருப்பவர் 12ஆம் தேதி அதிகாலை 2 மணிக்கு ஒரு டிக்கெட்டை உருவாக்குகிறார். உலகப் பொது நேரப்படி அப்போது 11ஆம் தேதி இரவு 8:30. ‘உருவாக்கிய நாளிலிருந்து மூன்று நாள்’ என்று கெடு வைக்கும் தானியங்கி விதி, 15ஆம் தேதியை இடுவதற்குப் பதிலாக 14ஆம் தேதியை இடும். ஜிராவின் தானியங்கி விதிகளில் ‘இப்போது’ என்னும் மதிப்பு இயல்பாக உலகப் பொது நேரத்தையே தருகிறது. விதிக்குள் அதை இந்திய நேரத்துக்கு மாற்றச் சொல்லி எழுத வேண்டும். அதேபோல ‘தினமும் நள்ளிரவில்’ என்று திட்டமிட்ட அறிக்கை காலை 5:30க்கு வந்து சேர்ந்தால், அந்த விதியும் பொது நேரத்தில்தான் ஓடுகிறது.

இதைக் கண்டறிவதற்கான சோதனை எளிது. பிசகிய டிக்கெட்டுகளின் உருவாக்க நேரத்தைப் பாருங்கள். எல்லாமே நள்ளிரவுக்கும் காலை 5:30க்கும் இடைப்பட்டவையாக இருந்தால் நேர மண்டலமே காரணம். பகலில் உருவாக்கியவையும் பிசகியிருந்தால் காரணம் வேறு. கீழே உள்ளதைப் படியுங்கள்.

எக்செல் தாளிலிருந்து சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த எளிய உரைக்கோப்பு) வழியாகத் தரவை ஏற்றும்போது நேரும் குழப்பம் நேர மண்டலத்தைவிட ஆபத்தானது, ஏனென்றால் அது பாதியளவே வெளியே தெரியும். 05/06/2025 என்பதை நாம் ஜூன் 5 என்று படிக்கிறோம். அமெரிக்க முறையில் அமைந்த கணினி அதை மே 6 என்று படிக்கிறது. 25/06/2025 என்பதை அது படிக்கவே இயலாது. 25ஆவது மாதம் இல்லை. ஆகவே 13 முதல் 31 வரையிலான நாள்கள் பிழையாகவோ வெற்றிடமாகவோ நிற்கும். எல்லாரும் அவற்றைப் பார்த்துக் கையால் திருத்துவார்கள். 1 முதல் 12 வரையிலான நாள்களோ எந்த எச்சரிக்கையும் இன்றித் தவறாக ஏறிவிடும். அவற்றை யாரும் சந்தேகிப்பதில்லை. மண்ணடியில் ஓர் அலுவலகத்தில், ஏற்றிய பட்டியலில் வெற்றிடமாக இருந்த தேதிகளையெல்லாம் பொறுமையாக நிரப்பிவிட்டு, சரியாக இருப்பதாகத் தோன்றியவற்றை அப்படியே விட்டிருந்தார்கள். தேதிப்படி வரிசைப்படுத்திப் பார்த்தபோது, ஒரே கப்பலில் வந்த கன்டெய்னர்கள் ஜனவரி முதல் டிசம்பர் வரை சிதறிக்கிடந்தன. வெற்றிடங்கள் உங்கள் கண்ணில் பட்டால், நிரம்பியிருப்பவையும் தவறு என்றே கொண்டு முழுப்பட்டியலையும் மூலத்தாளுடன் ஒப்பிடுங்கள்.

ஏற்றும்போது ஜிராவில் தேதியின் வடிவத்தை நாமே எழுதித் தர வேண்டும். அதில் ஆங்கிலப் பெரிய எழுத்து ‘எம்’ மாதத்தையும், சிறிய எழுத்து ‘எம்’ நிமிடத்தையும் குறிக்கும். மாதத்துக்குச் சிறிய எழுத்தை இட்டுவிட்டால், மாதத்தின் எண்ணை நிமிடமாகக் கொண்டு, எல்லாத் தேதிகளையும் ஜனவரிக்குக் கொண்டுபோய்விடும். எல்லாமே ஜனவரியில் நின்றால் இந்த எழுத்தைப் பாருங்கள். இந்த வகைக் குழப்பங்கள் அனைத்திலிருந்தும் தப்ப, மூலத்தாளிலேயே 2025-06-05 என்று ஆண்டு முதலில் வரும்படி மாற்றி, பிறகு ஏற்றுங்கள். தவறாக ஏறியவற்றை அழித்துவிட்டு மீண்டும் ஏற்றினால் கருத்துகளும் இணைப்புகளும் போய்விடும். டிக்கெட் எண்ணோடு ஒரு தாளை வெளியே எடுத்து, தேதியை மட்டும் திருத்தி, அதே எண்ணின் மேல் மீண்டும் ஏற்றுவதே பாதுகாப்பான வழி.

தமிழில் எழுதியது சிதைந்துவிட்டது, தேடினால் கிடைக்கவில்லை

சிதைவு எப்படித் தோன்றுகிறது என்பதிலேயே விடை இருக்கிறது. தமிழ் எழுத்துக்குப் பதிலாக வரிசையாகக் கேள்விக்குறிகள் மட்டும் இருந்தால், எக்செல்லில் சாதாரண சிஎஸ்வியாகச் சேமித்தபோதே எழுத்துகள் அழிந்துவிட்டன. அந்தக் கோப்பிலிருந்து மீட்க வழியில்லை. மூலத்தாளைத் திறந்து ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ என்ற வகையில் சேமித்து மீண்டும் ஏற்றுங்கள். உச்சியில் கோடும் புள்ளியும் தாங்கிய ஐரோப்பிய எழுத்துகள் தெரிந்தால், தரவு நலமாகவே இருக்கிறது, திறக்கும் நிரல்தான் தவறான குறியாக்கத்தில் படிக்கிறது. வெறும் ஆங்கில எழுத்துகள் பொருளின்றிக் கலந்து தெரிந்தால், அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது. என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற எழுத்துமாற்றியால் யூனிகோடுக்கு மாற்றியபின்பே ஏற்ற வேண்டும்.

எழுத்து சரியாகத் தெரிந்தும் தேடலில் அகப்படாமல் போவதற்கு இரு காரணங்கள். ஒன்று, தமிழ்ச் சொல் வேற்றுமை உருபு ஏற்கும்போது வடிவம் மாறுவது. இந்த மென்பொருள்களின் தேடல் பெரும்பாலும் தமிழ் இலக்கணம் அறியாதது. ‘துறைமுகம்’ என்று தேடினால் ‘துறைமுகத்தில்’ என்று எழுதிய டிக்கெட் வராது. ஜிராவில் ‘துறைமுக’ என்று எழுதி உடுக்குறி (*) இட்டால் இரண்டும் வரும்.

மற்றது கண்ணுக்கே தெரியாதது. ‘கொள்கலன்’ என்பதில் உள்ள ‘கொ’ யூனிகோடில் இருவிதமாக எழுதப்படலாம்: ஒகரக் குறியை ஒற்றைக் குறியாக இடுவது ஒன்று, எகரக் கொம்பையும் காலையும் அடுத்தடுத்து இடுவது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றே. தேடல் அவற்றைச் சமமாக்கிப் பார்க்காவிட்டால் இரண்டும் வேறு. தட்டச்சுப் பலகைகள் பெரும்பாலும் ஒற்றைக் குறியைத் தருகின்றன. சில பழைய எழுத்துமாற்றிகளும், சில பிடிஎஃப் கோப்புகளிலிருந்து நகலெடுப்பதும் பிரிந்த வடிவத்தைத் தருகின்றன. விண்டோஸ் கணினியில் ‘கொ’வின் பின்னால் கர்சரை வைத்துப் பேக்ஸ்பேஸை ஒருமுறை அழுத்துங்கள். ‘க’ மீந்தால் ஒற்றைக் குறி; ‘கெ’ மீந்தால் பிரிந்த வடிவம். சந்தேகத்துக்கு இடமின்றி இந்த ஒரு தட்டலில் தெரிந்துவிடும். எனவே சரக்கு வகை, துறைமுகம், லைன் (கப்பல் நிறுவனம்) போன்ற, பின்னால் தேடப்போகும் விவரங்களைத் தட்டச்சு செய்ய விடாமல், தெரிவுப்பட்டியலாக வைப்பதையே நான் எப்போதும் வலியுறுத்துகிறேன்.

தானியங்கி விதி ஓடவில்லை, அல்லது ஓடியும் பயனில்லை

விதியின் தணிக்கைப் பதிவைத் திறங்கள். பதிவே இல்லை என்றால் தூண்டல் (விதியைத் தொடங்கிவைக்கும் நிகழ்வு) நிகழவில்லை. ஜிராவில் ஒரு விதி செய்த மாற்றம் இன்னொரு விதியை இயல்பாகத் தூண்டுவதில்லை. முடிவின்றிச் சுழலாமல் இருப்பதற்கான பாதுகாப்பு அது. இரண்டாவது விதியின் அமைப்பில் அதற்கென உள்ள கட்டத்தைக் குறித்தால்தான் சங்கிலி தொடரும், அப்போதும் இரண்டு விதிகளும் ஒன்றையொன்று தூண்டாதபடி நிபந்தனை வையுங்கள். பதிவு இருந்து, ‘நிபந்தனைக்குப் பொருந்தவில்லை’ என்று வந்தால், நிலையின் பெயரை யாராவது மாற்றினார்களா என்று கேளுங்கள். அனுமதிப் பிழை வந்தால், விதி யாருடைய பெயரில் ஓடுகிறதோ அவருக்கு அந்தத் திட்டத்தில் உரிமை கொடுங்கள். மாத இறுதியில் மட்டும் நின்றுபோகும் விதி, இலவச அல்லது தொடக்கநிலைத் திட்டத்தின் மாத வரம்பைத் தொட்டிருக்கக்கூடும். பயன்பாட்டுப் பக்கத்தில் அது தெரியும்.

செயற்கை நுண்ணறிவுச் சுருக்கம் தவறாக இருக்கிறது

அட்லாசியனின் ரோவோ, மைக்ரோசாஃப்டின் கோபைலட் போன்றவை இப்போது நீண்ட டிக்கெட்டைச் சில வரிகளில் சுருக்கித் தருகின்றன. இருவர் கேட்டபோது இரு விதமாகச் சொல்கிறது என்ற புகாருக்கு முதற்காரணம் அனுமதி: கேட்பவர் பார்க்க உரிமையுள்ளவற்றை மட்டுமே அது படிக்கிறது. கூடுதல் கவனம் தேவைப்படுவது நம் எழுத்துமுறையில். யார்டிலிருந்து எழுதுபவர்கள் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுகிறார்கள். ‘டியூட்டி கட்டல’ என்பதில் எதிர்மறை முழுவதும் கடைசி ‘ல’வில் தொங்குகிறது, அதைக் கருவி தவறவிட்டால் கட்டாத வரி கட்டியதாகிவிடும். பணம், அனுமதி, தேதி ஆகிய மூன்றையும் சுருக்கத்திலிருந்து எடுக்காதீர்கள்; அவற்றுக்குத் தனிப்புலம் வைத்து அதிலிருந்தே எடுங்கள்.

அவருக்கு வந்துள்ள வசதி எனக்கு வரவில்லை

இணையவழி நிறுவனங்கள் புதுவசதியை எல்லாருக்கும் ஒரே நாளில் திறப்பதில்லை. சில நாள்கள் இடைவெளி இயல்பு. ஆனால் பெயர்மாற்றத்தையும் சரிபாருங்கள். ஜிராவில் ‘இஷ்யூ’ என்று இருந்தது 2025இல் ‘வொர்க் ஐட்டம்’ ஆயிற்று; பொத்தான் அதே வேலையைத்தான் செய்கிறது. சொந்தச் சர்வரில் பழைய ஜிரா சர்வர் பதிப்பை ஓட்டுபவர்களுக்கு எந்தப் புதுவசதியும் வராது. அதற்கான ஆதரவு 2024 பிப்ரவரியில் முடிந்துவிட்டது, பாதுகாப்புத் திருத்தமும் வராது.

ட்ரெல்லோவின் இலவசத் திட்டத்தில் போர்டைப் பார்க்க முடிந்து மாற்ற முடியாமல் போனால் ஆட்களை எண்ணுங்கள். ஒரு பணியிடத்துக்குப் பத்துப் பேர் என்ற வரம்பு 2024இல் நடைமுறைக்கு வந்தது. மீறினால் போர்டுகள் பார்வைக்கு மட்டும் என்றாகிவிடும். வேலையை விட்டுப்போனவர்களின் பெயர்கள் அப்படியே கிடப்பதே பெரும்பாலும் காரணம்.

படம் ஏறவில்லை

கன்டெய்னர் சீல் எண்ணைப் படமெடுத்து அனுப்புபவர்களிடமிருந்து வரும் புகார். ரெட்மைனில் ஒரு கோப்புக்கான இயல்பான வரம்பு 5 எம்பி. அதன் முன்னால் கோரிக்கைகளை வாங்கி அனுப்பும் என்ஜின்எக்ஸ் சர்வர் நின்றால் அதன் இயல்பான வரம்பு 1 எம்பிதான், எனவே ரெட்மைனில் வரம்பை உயர்த்தியும் 413 என்ற எண்ணோடு பிழை வந்தால் என்ஜின்எக்ஸில் உயர்த்துங்கள். ட்ரெல்லோவின் இலவசத் திட்டத்தில் கோப்புக்கு 10 எம்பி. அடுக்கிய கன்டெய்னர்களுக்கு நடுவே சிக்னல் விழும்போது அனுப்பும் பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்தினால் ஒரே பதிவு இரண்டாகிவிடக்கூடும். ஒருமுறை அழுத்திவிட்டு, திறந்த வெளிக்கு வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

சரியான எண்ணை இட்டும் உள்ளே விடவில்லை

இருபடிச் சரிபார்ப்பில் செயலி காட்டும் எண் பெரும்பாலும் 30 நொடிக்கு ஒருமுறை மாறும். அது கடிகாரத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஒருவருக்கு மட்டும் தவறினால் கைபேசியில் நேரத்தைத் தானியங்கியாக வையுங்கள். எல்லாருக்கும் ஒரே காலையில் தவறினால் சர்வரின் கடிகாரம் பிசகியிருக்கிறது. மின்தடைக்குப்பின் பழைய கணினிகளில் மதர்போர்டு பேட்டரி ஓய்ந்திருந்தால் இப்படி நடக்கும். பேட்டரியை மாற்றி, நேரத்தை இணையத்தோடு ஒத்திசைக்கும் சேவையை இயக்குங்கள். ரெட்மைனுக்கு இந்த வசதி 2021இல் வந்த 4.2 பதிப்பிலிருந்து உண்டு.

எதுவும் பொருந்தவில்லை என்றால்

மென்பொருள் நிறுவனத்தின் உதவிப்பிரிவுக்கு எழுதுங்கள். ‘வேலை செய்யவில்லை’ என்று எழுதினால் முதல் பதிலே கேள்வியாக வரும், ஒருநாள் போய்விடும். டிக்கெட் எண், பாதிக்கப்பட்டவரின் பொறுப்பு, என்ன செய்தார், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தார், என்ன நடந்தது, பிழைச்செய்தியின் முழு வாசகம், நடந்த நேரம், அது இந்திய நேரம் என்ற குறிப்பு ஆகியவற்றை முதல் கடிதத்திலேயே எழுதுங்கள். உலாவியின் தனிப்பட்ட சாளரத்தில் திறந்தபோதும் அப்படியே நடந்ததா என்பதையும் சேர்த்துவிடுங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் வாடிக்கையாளரின் பெயர், ஐஇசி எண் (ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண்), இன்வாய்ஸ் தொகை தெரிந்தால் அவற்றை மறைத்துவிட்டு அனுப்புங்கள்; உலாவிக்கும் சர்வருக்கும் இடையே நடந்த தரவுப் பரிமாற்றத்தின் பதிவுக் கோப்பைக் கேட்டால், அதில் உள்நுழைவுத் தகவல் இருக்கக்கூடும் என்பதால், பதிவெடுத்து முடித்தவுடன் கணக்கிலிருந்து வெளியேறி, கடவுச்சொல்லை மாற்றியபின்பே அதை அனுப்புங்கள்.